ஒல்லாந்துக் காப்டனின் நைலான் கால்கள்

சரித்திர நாடகம் போடுகிறவர்கள் எப்போதும் தலையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். கிரீடம், டோப்பா, மீசை என்று உற்சாகமெல்லாம் கழுத்துக்கு மேலேயே செலவாகிவிடும். இடுப்பில் ஒரு வாளைச் செருகிவிட்டால் திருப்தி வந்துவிடும். அந்த ராஜாவுக்கு முழங்காலுக்குக் கீழேயும் உடம்பு உண்டு என்பது, நாடகத்துக்கு நாள் நெருங்கிய பிறகுதான் யாருக்காவது உறைக்கும்.

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு சரித்திர நாடகத்தில் நடித்திருக்கிறேன். எனக்கு மூன்று வரி வசனம். அதில் ஒரு வரியைத்தான் நான் சொன்னேன். மற்ற இரண்டையும் என் கால்கள் பார்த்துக்கொண்டன.

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அதில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஃபிட்டர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி தேசம்மாவின் ஊர் பழவேற்காட்டு ஏரியோரம் ஒரு குப்பம். எங்கள் குடும்பமும் ஒரு காலத்தில் அந்த ஏரியில் வலை போட்ட குடும்பம்தான். ஆனால் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துத் திருவள்ளூரோடு போய்விட்டார். அதனால் நான் அறிந்த பெரிய நீர்நிலை கோயில் குளம். அதிலும் மேல்படியோடு சரி.

மாமனார் வீட்டில் என்னைக் 'கம்பெனி மாப்ள' என்பார்கள். மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. ஆனால் நான் படகில் ஏறும்போது இரண்டு பேர் சொல்லாமலே வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வார்கள். (கிழவிகளுக்குக்கூட அந்த உபசாரம் நடக்காது.) தலை தீபாவளிக்குப் போனபோது, மச்சான் முறையுள்ள பையன்கள் என் கையில் வலையைக் கொடுத்து வீசச் சொன்னார்கள். வீசினேன். வலையும் போனது, நானும் போனேன். கரையேற்றியபோது வலையில் இருந்தது என் செருப்பு மட்டும்தான். மாமனார் நாகப்பன் அதிகம் பேசாதவர். சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "போவட்டும் வுடுங்க. மாப்ள பம்பு நல்லா ரிப்பேர் பண்றாரு" என்றார்.

பரிந்துதான் பேசினார். ஆனாலும் அந்த வார்த்தை முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. இந்த ஏரியில் ஒருநாளாவது நான் ஆம்பளையாக வந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு வாய்ப்புக் கொடுத்தவர் அற்புதம் சார். குப்பத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டர். பழவேற்காட்டில் இருக்கும் பழைய ஒல்லாந்துக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கல்லறைகளைச் சுற்றிச் சுற்றி வந்து, அங்கே செதுக்கியிருக்கும் ஒவ்வொரு உருவத்தையும் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தவர். காணும் பொங்கல் அன்று, ஒல்லாந்துக் கப்பல் முதன்முதலில் இங்கே வந்து சேர்ந்த கதையை நாடகமாகப் போடப்போவதாக அறிவித்தார். மேடை கிடையாது. ஏரிதான் மேடை. நிஜப் படகு, நிஜத் தண்ணீர். பட்டப்பகலில் நடக்கும் என்பதால் விளக்குச் செலவும் இல்லை.

காப்டன் வேஷத்துக்கு வெளுத்த ஆள் வேண்டும் என்று தேடினார். குப்பத்தில் எல்லோரும் வெயிலில் வெந்தவர்கள். கம்பெனி ஷெட்டுக்குள் நிழலிலேயே கிடந்து கொஞ்சம் வெளிறிப்போயிருந்தவன் நான் ஒருவன்தான். அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

தேசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாங்க, படகுல ஏறவே ரெண்டு ஆளு கைய புடிக்கணும். நீங்க கப்பல்ல வந்து குதிக்கப் போறீங்களா?"

குதிக்கத்தான் போகிறேன் என்றேன். கதைப்படி காப்டன் படகின் மூக்கில் நின்றபடி வந்து, கரையருகே தண்ணீரில் குதித்து, விறுவிறுவென்று நடந்து வந்து ஊர்த் தலைவரைச் சந்திக்க வேண்டும். அந்தக் குதியை நினைத்தாலே எனக்கு உடம்பு ஜிவ்வென்று ஏறியது. கம்பெனியில் வேலை நேரத்தில் ஸ்டூல் மேல் ஏறிக் குதித்துப் பழகினேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

சென்னையில் நாடகச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் நீலவெல்வெட் கோட்டு, இறகு வைத்த தொப்பி, சுருள்சுருளாகத் தொங்கும் டோப்பா எல்லாம் கிடைத்தன. முழங்கால் வரை வரும் கால்சட்டையைப் பொன்னேரியில் ஒரு தையல்காரர் தைத்துக் கொடுத்துவிட்டார். முழங்காலுக்குக் கீழேதான் சிக்கல். அற்புதம் சாரின் படத்தில் காப்டன் காலோடு ஒட்டிய வெள்ளைக் காலுறை போட்டிருந்தார். ஒரு சுருக்கம் கிடையாது. வாடகைக் கடைக்காரரைக் கேட்டால், ராஜா வேஷத்துக்குப் போடும் பழைய ஜோடி ஒன்றை எடுத்து உதறினார். அதிலிருந்து பூச்சி பறந்தது. "காலுக்கு நாங்க பொறுப்பில்ல சார்" என்று சொல்லிவிட்டார்.

பேண்ட் போட்டுக்கொள்ளட்டுமா என்று அற்புதம் சாரைக் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு வலி தெரிந்தது. சரித்திரத்தை முழங்காலோடு வெட்டிவிட முடியாது தம்பி என்றார். அந்தக் கணத்திலிருந்து என் கால் என் சொந்தப் பொறுப்பாகிவிட்டது.

முதலில், எங்கள் கம்பெனி கால்பந்து டீமில் இருந்த நண்பனிடம் நீளமான ஸ்டாக்கிங்ஸ் கடன் வாங்கினேன். சிவப்பு நிறம். ஓர் இரவு பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டால் வெள்ளையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். காலையில் எடுத்தால் அழகான ரோஸ் நிறத்தில் சிரித்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். ஏரியில் அப்போது பூநாரைகள் வந்து இறங்கியிருந்த காலம். மாமனார் என் காலைப் பார்த்தார், தூரத்தில் கூட்டமாக நின்ற பூநாரைகளைப் பார்த்தார். "இந்த வருசம் ஒண்ணு கூடுதலா வந்துகீது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து, மருந்துக்கடையில் வெள்ளை பேண்டேஜ் சுருள்கள் வாங்கி முழங்கால்வரை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டேன். எட்ட நின்று பார்த்தால் அசல் காலுறை. கிட்டே வந்து பார்த்த ஒரு பாட்டியம்மா, எந்த ஆஸ்பத்திரியில் கட்டினார்கள் என்று அக்கறையாக விசாரித்தாள். நான் கம்பீரமாக நடந்துகொண்டிருந்தபோதே ஒரு முனை அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. குப்பத்து நாய் ஒன்று அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. நான் பம்பரம் மாதிரி சுற்றி நின்றேன்.

தேசம்மா ஒரு யோசனை சொன்னாள். பழைய வெள்ளைப் பைஜாமா துணியைக் காலோடு வைத்து இறுக்கித் தைத்து, மேலே நாடா போட்டுக் கட்டிவிடலாம் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் என் புத்தி அப்போது நவீனத்தின் பக்கம் திரும்பியிருந்தது. ஊரெல்லாம் நைலான் நைலான் என்று பறந்துகொண்டிருந்த காலம் அது. நைலான் சேலை, நைலான் சட்டை, நைலான் கயிறு. மாமனார்கூட நூல் வலையை விட்டு நைலான் வலைக்கு மாறிவிட்டார். ஒல்லாந்துக் காப்டன் மட்டும் பைஜாமா துணியில் வரவேண்டுமா என்று அவளைக் கேட்டேன். அவள் ஊசியைத் திரும்பச் செருகி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சென்னை பர்மா பஜாருக்குப் போனேன். அங்கே ஒரு கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற பொட்டலத்தை எடுத்தார். அதைப் பிரித்து இழுத்தால் வெள்ளை வெளேரென்று நீண்டுகொண்டே போனது. சுருக்கம் என்ற பேச்சே இல்லை. எவ்வளவு இழுத்தாலும் கிழியாது என்றார். பொட்டலத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். இது லேடீஸ் சமாசாரம் போலிருக்கிறதே என்று இழுத்தேன்.

"காலுக்கு இன்னா சார் ஆம்பள, பொம்பள?" என்றார் கடைக்காரர்.

அந்த நியாயம் எனக்குப் பிடித்துப்போனது. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தேசம்மா பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "யாரு இந்தம்மா?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

மாட்டிப் பார்த்தபோது இரண்டு சங்கடங்கள் தெரிந்தன. ஒன்று, நைலான் வழியாகக் காலிலிருந்த ரோமமெல்லாம் அமுங்கி, பாசி படிந்த கூழாங்கல் மாதிரி தெரிந்தது. சலூனுக்குப் போனேன். ரெண்டு காலையும் முழுசாக வழிக்க வேண்டும் என்றதும் முடிதிருத்துபவர் பதறிவிட்டார். ஆபரேஷனா என்று கேட்டார். இல்லை, நாடகம் என்றேன். பெண் வேஷமா என்று கேட்டார். இல்லை, ஒல்லாந்துக் காப்டன் என்றேன். அவர் கத்தியை இன்னொரு முறை தீட்டிக்கொண்டார். கடையில் காத்திருந்தவர்கள் செய்தித்தாளைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது சங்கடம், அது தொடைவரை நீளமானது. ஆனால் மேலே பிடிமானம் எதுவும் இல்லை. விட்டால் சுருண்டு கணுக்காலில் வந்து உட்கார்ந்தது. இங்கேதான் என் தொழில் திறமை வேலை செய்தது. பம்பில் தண்ணீர் கசியாமல் இருக்க ரப்பர் வளையம் போடுவோம். அதே தத்துவம்தானே. சைக்கிள் ட்யூபை வளையம் வளையமாக வெட்டி, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே ஒவ்வொரு காலிலும் ஒன்று மாட்டினேன். மீதி நைலானை வளையத்தின்மேல் மடித்துக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டேன். ஓர் அங்குலம் நகரவில்லை. அற்புதம் சார் குனிந்து என் காலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வரைந்த கால் உயிரோடு எதிரில் நின்றது.

காணும் பொங்கல் வந்தது. கரை முழுக்கத் தலைகள். மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலும் படகிலும் சுற்றுவட்டாரமே வந்திருந்தது. கரும்பு, சுண்டல், ஊதல், பலூன். இவ்வளவு பேரும் என் குதியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது வெல்வெட் கோட்டுக்குள் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் இல்லை. சந்தோஷம்.

மாமனார்தான் படகுக்காரர். கரையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஒரு மண்திட்டுக்குப் பின்னால் படகை நிறுத்திக்கொண்டு காத்திருந்தோம். பறை சத்தம் கேட்டதும் புறப்பட வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் தலைமை தாங்க வேண்டிய பஞ்சாயத்துத் தலைவர் வந்து சேரவில்லை. வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. நான் கோட்டு கசங்காமல், காலுறை நனையாமல், முழங்காலை மடக்கிப் படகுக்குள் குந்தியிருந்தேன். (தண்ணீரில் குதிக்க வேண்டியவன் என்பதால் ஷூ இல்லை.) காலில் முதலில் குத்துகிற மாதிரி இருந்தது. பிறகு குத்தல் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மாமனார் என் காலைச் சற்று நேரம் பார்த்தார். "மாப்ள, அந்த ரப்பர கொஞ்சம் எறக்கி வுடுங்க. பாதம் ஒரு மாதிரி நெறம் மார்து."

"அத எறக்குனா சீல் போயிடும் மாமா" என்றேன்.

"நான் காலுன்னு நெனைச்சிக்கினு சொல்ட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

தலைவர் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது, பறை அதிர்ந்தது. மாமனார் கழியை ஊன்றித் தள்ளினார். படகு மண்திட்டைச் சுற்றி வெளியே வந்ததும் கரையிலிருந்து எழுந்த ஆரவாரம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும். படகில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு கையாலேயே உடம்பை இழுத்து எழுந்து நின்றேன். படகின் மூக்கில், இறகுத் தொப்பியும் நீலக் கோட்டும் பளபளக்கும் வெள்ளைக் கால்களுமாக. எனக்குக் கீழே கால் இருப்பதாகவே தெரியவில்லை. காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. நடிப்பில் ஒன்றிப்போனால் இப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணிக்கொண்டேன்.

"அதோ தெரிகிறது கரை!" என்று முழங்கினேன். அதுதான் முதல் வசனம். விசில் பறந்தது.

இரண்டாவது வசனம், 'ஒல்லாந்து தேசத்தின் முதல் காலடியை இந்த மண்ணில் பதிக்கிறேன்.' குதித்துக்கொண்டே சொல்ல வேண்டும். 'ஒல்' என்று ஆரம்பித்துக் குதித்தேன். முழங்கால் ஆழத் தண்ணீர்தான். ஆனால் கால் என்று நான் நம்பியிருந்த இரண்டும் வாழைத்தண்டு மாதிரி மடங்கிக்கொண்டன. மரத்துப்போனதே தெரியாத அளவுக்கு மரத்துப்போயிருந்தன. மீதிச் சொற்களை நான் தண்ணீருக்கடியில் சேற்றிடம் சொன்னேன்.

எழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். தொப்பி ஒரு பக்கமும் டோப்பா ஒரு பக்கமும் மிதந்து போயின. கரையில் ஊர்த் தலைவர் வேஷத்தில் நின்றவர் முனிரத்தினம். தினமும் மீன் ஏலம் விடுகிறவர். எதற்கும் வாயடைத்துப் போகாதவர். அவர் வாளை உயர்த்தி, "பரங்கியரே, எங்கள் மண்ணைக் கண்டதும் விழுந்து வணங்குகிறீர். உமது பணிவை மெச்சினோம்" என்றார். கைத்தட்டல் பொழிந்தது. நான் மூன்றாவது முறை விழுந்தபோது, "போதும், எழுந்திரும்" என்றார். நான்காவது முறைக்குக் கிட்டே வந்து குனிந்து, தாழ்ந்த குரலில், "இன்னா நைனா, காலு வரலயா?" என்று கேட்டார்.

வரவில்லை. அதனால் கையூன்றி, கால்களை இழுத்துக்கொண்டு தவழ்ந்தேன். அந்த இழுப்பில் மடித்துச் செருகியிருந்த நைலான் கால்சட்டையிலிருந்து வெளியே வந்தது. ரப்பர் வளையங்கள் கணுக்கால் பக்கம் உருண்டு இறங்கின. தொடைவரை நீண்ட காலுறை இரண்டும் வாயை அகலத் திறந்துகொண்டு, நான் தவழத் தவழ ஏரியை அள்ளிக்கொண்டே வந்தன. கரையோரப் புல்லும் சேறும் தண்ணீரும் உள்ளே போயின. பர்மா பஜார்க்காரர் சொன்னது பொய்யில்லை. எவ்வளவு இழுத்தாலும் கிழியவில்லை. கரையேறியபோது என் இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் யானைக்கால் மாதிரி இரண்டு பைகள் தொங்கின.

அந்தச் சமயம் பார்த்து ரத்தம் ஓட ஆரம்பித்தது. ஆயிரம் ஊசி ஒரே நேரத்தில் குத்தினால் எப்படி இருக்கும்? எழுந்து நின்று அலறிக்கொண்டு குதித்தேன். எந்தக் குதியை நான் ஸ்டூல் மேலேறிப் பழகினேனோ, அதைவிட அபாரமான குதி. ஒல்லாந்து நடனம் என்று நினைத்துக்கொண்டு பறைக்காரர்கள் அதற்குத் தகுந்த மாதிரி அடியை மாற்றி வாசித்தார்கள். சனங்களும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். குதித்துக்கொண்டிருந்தபோதே காலுறைக்குள் ஏதோ பதிலுக்குக் குதித்தது. ஒன்று அல்ல, பல. கணுக்காலில் கிச்சுக்கிச்சு மூட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நைலானை உற்றுப் பார்த்துவிட்டு, "அய்ய, எறா மாட்டிக்கினு கீதுடி" என்றாள்.

அவ்வளவுதான், நாடகம் முடிந்தது. இறாலைப் பார்த்த பிறகு ஏரிக்கரை சனங்களுக்குச் சரித்திரம் எதற்கு? என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என்னை மணலில் உட்காரவைத்தார். கத்தியால் ரப்பர் வளையத்தை அறுத்து, காலுறையைப் பாம்பு சட்டையை உரிப்பதுபோல் பதமாக உருவி, ஒரு கூடையில் கவிழ்த்தார். சேற்றோடு இறால்கள் துள்ளி விழுந்தன. இரண்டாவது காலையும் கவிழ்த்தார். கையால் ஒருமுறை அளைந்து பார்த்தார். பிறகு கூடையைத் தலைக்குமேல் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டி, "மாப்ள புடிச்சது" என்றார்.

கேலி இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். ஊருக்கு முன்னால், சொந்த ஏரியில், தன் மருமகன் முதல்முறையாகப் பிடித்ததைக் காட்டுகிற ஒரு மனிதரின் முகம்தான் அது. சேற்றில் குளித்துக்கொண்டு, டோப்பா இல்லாமல், வழித்த காலோடு உட்கார்ந்திருந்த நான் கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டேன். அற்புதம் சார் மட்டும் ஒரு மூலையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஆனால் தாமதமாக வந்திருந்த பஞ்சாயத்துத் தலைவர் மைக்கைப் பிடித்து, மாசக்கணக்கில் கப்பலில் கிடந்து வந்தவன் தரையிறங்கினால் இப்படித்தான் தள்ளாடுவான், இவ்வளவு நுணுக்கமாக யாரும் நடித்து நான் பார்த்ததில்லை என்று சொல்லி எனக்குத் துண்டு போர்த்தினார். அற்புதம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு அந்தத் தள்ளாட்டத்தை நாடகத்திலேயே சேர்த்துவிட்டதாகக் கேள்வி. (வேறு ஆளை வைத்து.)

காலுறைகளை மாமனார் திருப்பித் தரவில்லை. அலசிக் காயவைத்து, பிடித்த இறாலைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளும் பையாக வெகுகாலம் வைத்திருந்தார். நூல் பை மாதிரி மக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்வார். ஏரியில் அவரைப் பார்த்தவர்கள், "இன்னா நாகப்பா, மாப்ள காலக் கட்டிக்கினு போறியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே அந்த இறாலைத் தொக்கு வைத்தார்கள். இவர் காலில் கிடந்ததை நான் தொடமாட்டேன் என்று தேசம்மா சாதித்தாள். அவள் அம்மாக்காரி பலமுறை மஞ்சள் போட்டுக் கழுவியதைக் கண்ணால் பார்த்த பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசனை வந்ததும் கொஞ்சம் போலத் தட்டில் வைக்கச் சொன்னாள். பிறகு சட்டியை வழித்தது யார் என்பதில் எங்களுக்குள் இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு.

ஆனால் எனக்கு வந்து வாய்த்த தொந்தரவு வேறு. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு யாரும் நிம்மதியாகக் கால் கிலோ இறால் வாங்க முடிந்ததில்லை. 'கால் கிலோ' என்று வாயெடுத்தாலே, 'யார் கால்?' என்று ஒரு குரல் வரும். மகன் கேட்டான், மருமகள் கேட்டாள், இப்போது ஐந்து வயதுப் பேத்தி கேட்கிறாள். மீன்காரம்மாவுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வம்பே வேண்டாம் என்று சில வருஷமாக நான் அரை கிலோவாகவே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

தேசம்மா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுக்கிறாள்: "ரெண்டு காலும் வந்துகீது."